ஸ்டாக்ஹோமில் ஆறரை மணி நேரம்: குடும்பத்தோடு எந்தத் தீவுக்குப் போவது?

பால்டிக் கடலைச் சுற்றி வரும் உல்லாசக் கப்பல்களில் பல ஸ்டாக்ஹோமுக்கு ஒரே ஒரு பகலைத்தான் ஒதுக்குகின்றன. காலை எட்டு மணிக்குக் கரை சேர்ந்து மாலை ஐந்துக்குப் புறப்படும் என்று பயணத் திட்டத்தில் பார்க்கும்போது ஒன்பது மணி நேரம் கையில் இருப்பதாகத் தோன்றும். இறங்குவதற்கான வரிசை, புறப்பாட்டுக்கு அரை மணி நேரமோ அதற்கும் மேலோ முன்னதாகக் கப்பலுக்குள் இருந்தாக வேண்டும் என்ற விதி, துறைமுகத்திலிருந்து ஊருக்குள் போய் வரும் நேரம் ஆகியவற்றைக் கழித்தால் மிஞ்சுவது ஆறு அல்லது ஆறரை மணி நேரம். 14 தீவுகளின் மேல் பரந்து கிடக்கும் ஒரு தலைநகருக்கு அது போதவே போதாது. ஒரு தீவுக்கு அது தாராளம். ஆகவே நகரத்தை எப்படிப் பார்த்து முடிப்பது என்ற கவலையை விட்டுவிட்டு, எந்தத் தீவைத் தேர்ந்தெடுப்பது என்று யோசிக்கத் தொடங்கினால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

நாங்கள் ஐந்து பேர்: மூட்டு வலியுள்ள 71 வயது அம்மா, மனைவி, நான், 11 வயது மகன், 5 வயது மகள். பயண வழிகாட்டிகள் பெரும்பாலும் முதுகில் ஒரு பையும் காலில் நல்ல காலணியும் உள்ள இளம் தம்பதியை மனத்தில் வைத்தே எழுதப்படுகின்றன. அவற்றில் ‘பத்து நிமிட நடை’ என்று இருந்தால் எங்கள் குடும்பத்துக்கு அது இருபத்தைந்து நிமிடம். எனவே எங்களுக்கு அளவுகோல்கள் இரண்டே: அம்மா உட்காராமல் எவ்வளவு தூரம் நடப்பார், மகள் சிணுங்காமல் எவ்வளவு நேரம் தாங்குவாள். காட்சியிடங்களின் பெருமையெல்லாம் இவற்றுக்குப் பின்னர்தான்.

தீவைத் தேர்ந்தெடுக்கும் முன் கப்பல் எங்கே நிற்கும் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ‘ஸ்டாக்ஹோம்’ என்று திட்டத்தில் அச்சிடப்பட்டிருந்தாலும் அது மூன்று வெவ்வேறு இடங்களைக் குறிக்கலாம். ஸ்டாட்ஸ்கோர்டன் படகுத்துறை நகரின் நடுவிலேயே, பழைய நகரத்தைக் கண்ணால் பார்க்கும் தொலைவில் இருக்கிறது. அங்கிருந்து ஸ்லுஸ்ஸன் சந்திப்புக்கு நடந்தே போகலாம். ஃப்ரீஹாம்னன் துறைமுகம் நகரின் கிழக்குப் பக்கத்தில் உள்ளது. அங்கிருந்து நகரப் பேருந்து பிடிக்க வேண்டும். மூன்றாவதான நைனஸ்ஹாம்ன், தலைநகருக்குத் தெற்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தள்ளியுள்ள தனி ஊர். அங்கிருந்து புறநகர் ரயிலில் ஸ்டாக்ஹோமுக்கு ஒரு மணி நேரம் ஆகும். போகவும் வரவும் ரயிலுக்குக் காத்திருக்கவும் சேர்த்தால் இரண்டரை மணி நேரம் கரைந்துவிடும். முன்பதிவு செய்யும்போதே இதைக் கேட்டு வைப்பது நல்லது, ஏனெனில் கீழே வரும் ஒப்பீடு முழுவதும் இதைப் பொறுத்தே மாறுகிறது.

முதல் வாய்ப்பு, கப்பல் நிறுவனமே விற்கும் பேருந்துச் சுற்றுலா. இதன் பெரிய பலம் ஒன்றுதான்: பேருந்து தாமதமானால் கப்பல் காத்திருக்கும். தனியாகப் போனவர் தாமதமானால் காத்திருக்காது; அடுத்த துறைமுகத்துக்கு அவர் தம் செலவிலேயே போய்ச் சேர வேண்டும். இந்த நிம்மதிக்கு விலை உண்டு என்பதையும், அந்த விலை தலைக்கு இவ்வளவு என்று கணக்கிடப்படுவதையும் குடும்பத்தோடு வருபவர்கள் கவனிக்க வேண்டும். மூழ்கிய பழைய போர்க்கப்பல் ஒன்றைக் காட்டும் வாசா அருங்காட்சியகத்தில் 18 வயது வரையிலான எவருக்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது. நகரப் போக்குவரத்தில் 7 வயதுக்குட்பட்ட குழந்தை பெரியவரோடு இலவசமாகப் போகலாம். அதே இடத்துக்குப் பேருந்துச் சுற்றுலாவில் போனால் குழந்தைக்கும் காசு கொடுத்தாக வேண்டும். பணத்தைவிட எனக்கு உறுத்தியது வேறு. நாற்பது பேர் கொண்ட குழுவில் ஐந்து வயதுக் குழந்தைக்குத் திடீரென்று கழிப்பறை தேவைப்பட்டால் வழிகாட்டி நிற்க மாட்டார். அம்மாவுக்குப் பத்து நிமிடம் உட்கார வேண்டும் போலிருந்தால் அதற்கும் இடமிராது. முந்தைய துறைமுகம் ஒன்றில் அப்படி ஒரு சுற்றுலாவில் சேர்ந்து, வழிகாட்டி உயர்த்திப் பிடித்த எண் பலகையைத் தேடுவதிலேயே பாதி நாளைக் கழித்திருந்தோம். எனினும் கப்பல் நைனஸ்ஹாம்னில் நிற்குமானால் என் தீர்ப்பு தலைகீழ்: முதியவரும் குழந்தையும் உடன் வரும்போது அங்கிருந்து கப்பல் பேருந்திலேயே போய்விடுவது மேல்.

இரண்டாவது வாய்ப்பு, பழைய நகரமான காம்லா ஸ்தான். படங்களில் ஸ்டாக்ஹோம் என்று நாம் பார்ப்பது பெரும்பாலும் இந்தத் தீவைத்தான்: ஸ்டோர்டோர்யெட் சதுக்கத்தின் செம்மண் நிற, காவி நிற வீடுகள், அரண்மனை, ஒடுங்கிய சந்துகள். ஸ்டாட்ஸ்கோர்டனிலிருந்து மிக அருகில் இருப்பதும், சுற்றிப் பார்க்கச் சல்லிக்காசு செலவில்லாததும் இதன் நன்மைகள். கோடைக்காலத்தில் அரண்மனைக் காவலர் மாறும் சடங்கு திங்கள் முதல் சனி வரை பகல் 12.15 மணிக்கும், ஞாயிற்றுக்கிழமை 1.15 மணிக்கும் நடக்கிறது. ஏறத்தாழ முக்கால் மணி நேரம் நின்றபடியே பார்க்க வேண்டும், அதுவும் முன்வரிசை கிடைத்தால்தான் குழந்தைக்கு ஏதாவது தெரியும்.

இத்தீவின் குறை காலடியில் இருக்கிறது. சந்துகள் முழுக்க உருண்டைக் கற்கள் பாவப்பட்டவை. மழை பெய்தால் வழுக்கும், பெய்யாவிட்டாலும் மூட்டு வலி உள்ளவருக்கு ஒவ்வொரு அடியும் ஒரு கணக்கு. குழந்தையின் தள்ளுவண்டி அந்தக் கற்களில் நடுங்கிக்கொண்டே போகும். மோர்டன் ட்ரோட்சிக் சந்து என்ற, ஓரிடத்தில் 90 சென்டிமீட்டரே அகலமுள்ள புகழ்பெற்ற சந்துக்கு அம்மா கீழிருந்தே கும்பிடு போட்டுவிட்டார். அது சந்து மட்டுமன்று, 36 படிகளும்கூட. ஆனால் இதே தீவில் மகளுக்கு மிகவும் பிடித்துப்போன ஒன்று எந்தப் பேருந்துச் சுற்றுலாவிலும் சேராது. அரண்மனைக்கு எதிரே ஃபின்லாந்து தேவாலயத்தின் பின்முற்றத்தில், முழங்கால்களைக் கட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி ஒரு இரும்புப் பையன் உட்கார்ந்திருக்கிறான். உயரம் 15 சென்டிமீட்டர். வருவோர் போவோர் தடவித் தடவி அவன் தலை மினுமினுக்கிறது. முன்னால் சில்லறைக் காசுகள் கிடக்கின்றன. குளிர்காலத்தில் யாராவது அவனுக்குக் கம்பளித் தொப்பி பின்னிப் போட்டுவிடுவார்களாம். ஐந்து வயதுக் குழந்தையின் கண் உயரத்துக்குக் கீழே ஒரு சிலை இருப்பது அரிது. அவள் அங்கே கால் மணி நேரம் குந்தி உட்கார்ந்திருந்தாள். அம்மாவுக்கும் அங்கே ஒரு பெஞ்சு கிடைத்தது. ஆக, காம்லா ஸ்தான் ஒரு மணி நேரத்துக்கு அருமையான இடம். முழு நாளுக்கு அன்று.

மூன்றாவது வாய்ப்பும் என் பரிந்துரையும் யூர்கோர்டன் தீவு. ஸ்லுஸ்ஸனுக்கு அருகிலிருந்து ஒரு சிறிய பயணிகள் படகு அங்கே போகிறது. நகரப் போக்குவரத்துச் சீட்டே இதற்கும் செல்லும், பத்து நிமிடம் போலத்தான் ஆகும். பேருந்துச் சுற்றுலாவில் போகிறவர்கள் போக்குவரத்து நெரிசலில் நிற்கும்போது இந்தப் படகில் காற்று வாங்கிக்கொண்டு போவது தனிச் சுகம். வாசா, ஸ்கான்சன் திறந்தவெளி அருங்காட்சியகம், சிறுவர் கதையுலகமான யூனிபாக்கன், குரோனா லுண்ட் கேளிக்கைப் பூங்கா ஆகிய அனைத்தும் இத்தீவில் ஒன்றுக்கொன்று நடந்து போகும் தொலைவில் உள்ளன. பாதைகள் சமதளமாகவும் மரநிழலோடும் இருக்கின்றன. குடும்பத்தில் யாருக்கு எது பிடிக்காமல் போனாலும் மாற்று ஒன்று பக்கத்திலேயே இருப்பதுதான், என் பார்வையில், இத்தீவை மற்றவற்றினும் மேலே வைக்கிறது.

இவற்றுள் வாசாவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இரண்டாம் குஸ்டாவ் அடோல்ஃப் மன்னருக்காகக் கட்டப்பட்ட இந்தப் போர்க்கப்பல் 1628 ஆகஸ்ட் 10ஆம் நாள் தன் முதல் பயணத்தில் ஏறத்தாழ 1,300 மீட்டர் மட்டுமே போயிற்று. இரண்டு பீரங்கி அடுக்குகளோடு மொத்தம் 64 பீரங்கிகளைச் சுமந்த அதன் மேற்பகுதி மிகக் கனமாகவும், நீருக்குள் இருந்த பகுதி அந்தக் கனத்தைத் தாங்கப் போதாததாகவும் இருந்ததால், ஒரு காற்று வீச்சுக்குச் சாய்ந்து, திறந்திருந்த கீழடுக்குப் பீரங்கித் துளைகள் வழியே நீர் புகுந்து, நகரமே கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்கையில் மூழ்கியது. பால்டிக் கடலில் உப்பு குறைவு என்பதால் மரத்தை அரிக்கும் கப்பல் புழு அங்கே வாழ்வதில்லை. அதனால்தான் 333 ஆண்டுகள் கழித்து, 1961 ஏப்ரல் 24 அன்று, கப்பலை ஏறத்தாழ முழுசாகவே மேலே தூக்க முடிந்தது. அதன் பிறகு மரம் காய்ந்து வெடித்துவிடாமலிருக்க 17 ஆண்டுகள் பாலிஎத்திலீன் கிளைக்கால் கரைசலைத் தெளித்துக்கொண்டே இருந்தார்கள். மூழ்கிய இடம், ஸ்டாட்ஸ்கோர்டனில் கட்டியிருக்கும் உங்கள் கப்பலின் மேல்தளத்திலிருந்து பார்த்தால் எதிர்க்கரையில் தெரியும் பெக்ஹோல்மன் என்ற சிறு தீவை ஒட்டியது.

மகனை உலுக்கியது மூழ்கிய கதையன்று. அதற்கு முன் நடந்த ஒரு சோதனை. கப்பலின் நிலைத்தன்மையை அறிய முப்பது மாலுமிகளை மேல்தளத்தில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஓடவிட்டார்கள். மூன்று முறை ஓடியதுமே கப்பல் கரையில் கட்டியிருந்த நிலையிலேயே கவிழ்ந்துவிடுமளவு ஆடியதால், கடற்படைத் துணைத் தளபதி சோதனையை நிறுத்தச் சொல்லிவிட்டார். நிறுத்தியவர்கள் கப்பலைத் திருத்தவில்லை. “அப்ப தெரிஞ்சேதான் அனுப்பினாங்களா பாட்டி?” என்று மகன் கேட்க, அம்மா, “ராஜா சீக்கிரம் வேணும்னு கேட்டா யாருடா கண்ணா வேண்டாம்னு சொல்லுவா?” என்றார். நான்கு நூற்றாண்டுகளாக வரலாற்றாசிரியர்கள் எழுதியதன் சாரமும் ஏறக்குறைய அதுதான். பல தளங்களிலிருந்து கப்பலைப் பார்க்கலாம், எல்லாத் தளங்களுக்கும் மின்தூக்கி உண்டு, உட்கார இடங்களும் உண்டு. மரத்தைக் காப்பதற்காக உள்ளே வெளிச்சம் மங்கலாகவும் காற்று குளிர்ச்சியாகவும் வைக்கப்பட்டிருப்பதால் அம்மாவுக்கு ஒரு சால்வை அவசியம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காலை 8.30க்கே திறந்துவிடுகிறார்கள், பேருந்துக் குழுக்கள் வந்து குவிவதற்கு முன் உள்ளே போய்விட வேண்டும்.

வாசாவுக்குப் பிறகு எங்கே என்பதில்தான் குடும்பங்கள் பிரியும். ஸ்கான்சன் 1891இல் ஆர்தர் ஹசீலியஸ் தொடங்கியது. உலகின் முதல் திறந்தவெளி அருங்காட்சியகம் என்று பொதுவாகச் சொல்லப்படுவது. சுவீடனின் பல பகுதிகளிலிருந்து பழைய வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து ஒரு குன்றின் மேல் நட்டிருக்கிறார்கள். பக்கத்திலேயே பழுப்புக் கரடி, ஓநாய், மூஸ் மான், கலைமான் என்று வடபுலத்து விலங்குகளும் இருக்கின்றன. பழங்கால உடையில் கண்ணாடி ஊதுபவரும் ரொட்டி சுடுபவரும் வேலை செய்வதைக் கிட்ட நின்று பார்க்கலாம். மூன்று தலைமுறைக்கும் ஒரே நேரத்தில் ஏதாவது தரக்கூடிய இடம் இது ஒன்றுதான். குன்று என்பதே இதன் சிக்கல். பிரதான வாயிலில் மேலே ஏற நகரும் படிக்கட்டு உண்டு, இன்னொரு வாயிலில் பருவகாலத்தில் கம்பி இழுவை ரயிலும் ஓடும். ஆனால் மேலே போன பிறகும் ஏற்ற இறக்கம் இருக்கத்தான் செய்கிறது. முழு இடத்தையும் சுற்ற முயலாமல், நகரக் குடியிருப்புப் பகுதியையும் கரடிகளையும் மட்டும் பார்த்துவிட்டு இறங்கினால் இரண்டரை மணி நேரத்தில் முடியும், அம்மாவும் தாங்குவார்.

குழந்தைகள் எல்லோரும் எட்டு வயதுக்குள் என்றாலோ, மழை பிடித்துக்கொண்டாலோ, ஸ்கான்சனை விட்டுவிட்டு யூனிபாக்கன் போவதே சரி. வாசாவிலிருந்து சில நிமிட நடைதான். கூரையின் கீழ் இருக்கிறது, கதைக் காட்சிகளினூடே மெல்ல மிதந்து செல்லும் ஒரு சிறு ரயில் உள்ளது. பதினொரு வயதுப் பையன் அங்கே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். குரோனா லுண்ட் நல்ல பூங்காதான். ஆனால் ராட்டினங்களுக்காக வரிசையில் நிற்பதற்கு ஸ்டாக்ஹோம் வரை கப்பலில் வர வேண்டியதில்லை.

படகுச் சுற்றுலாக்கள் நான்காவது வாய்ப்பு. உட்கார்ந்தபடியே நகரைப் பார்க்கலாம் என்பதால் முதியவர்களுக்கு ஏற்றவை. ஐம்பது நிமிடத்தில் முடியும் கால்வாய்ச் சுற்று குழந்தையின் பொறுமைக்குள் அடங்கும். ஆனால் தீவுக்கூட்டத்தைக் காட்டுவதாகச் சொல்லும் நீண்ட படகுப் பயணத்துக்குக் காசு கொடுக்கும் முன் ஒன்றை யோசிக்க வேண்டும்: ஸ்டாட்ஸ்கோர்டனுக்கோ ஃப்ரீஹாம்னனுக்கோ வரும் கப்பல் அந்தத் தீவுக்கூட்டத்தைக் கடந்துதான் வந்தாக வேண்டும், போகும்போதும் கடந்தாக வேண்டும். அக்காட்சியை ஏற்கெனவே உங்கள் கட்டணத்தில் வாங்கிவிட்டீர்கள். நகர மண்டபத்தை நான் பட்டியலிலேயே சேர்க்கவில்லை. நோபல் விருந்து நடக்கும் அழகான கட்டடந்தான். உள்ளே வழிகாட்டியோடு குறித்த நேரத்தில் மட்டுமே போக முடியும் என்பது குழந்தைகளோடு ஒத்துவராது.

நாள் முழுக்க மழை என்றால், அதிகம் பேர் எண்ணிப்பாராத ஒரு வழி உண்டு: சுரங்க ரயில். நூறு நிலையங்களில் தொண்ணூறுக்கும் மேற்பட்டவற்றில் ஓவியமோ சிற்பமோ இருக்கிறது. மைய நிலையத்தின் நீலப் பாதை நடைமேடையில், குடைந்த பாறையை மறைக்காமல் அப்படியே விட்டு, வெள்ளையின் மேல் நீலக் கொடிகளையும் இலைகளையும் தீட்டியிருக்கிறார்கள். ஒரு பயணச்சீட்டு 75 நிமிடம் செல்லும். வாசாவையும் இதையும் சேர்த்தால் நனையாத, செலவு குறைந்த ஒரு பகல் கிடைத்துவிடும்.

ஆக எங்கள் நாள் இப்படி அமைந்தது: ஒன்பதே காலுக்கு வாசா, பதினொன்றுக்கு முன்னதாகவே மதிய உணவு, பிறகு ஸ்கான்சன், இரண்டரைக்குப் படகில் திரும்பி காம்லா ஸ்தானில் முக்கால் மணி நேரம், மூன்றே முக்காலுக்குக் கப்பல். உணவைப் பொறுத்தவரை, சைவம் உண்பவர்கள் ‘வெகெடாரிஸ்க்’ என்ற சொல்லைத் தெரிந்து வைத்துக்கொண்டால் போதும், பெரும்பாலான உணவகங்களில் ஏதேனும் கிடைக்கும். வியாழக்கிழமைகளில் மரபாகப் பரிமாறப்படும் பட்டாணி சூப்பைப் பெயரை நம்பி வாங்கிவிட வேண்டாம். வழக்கமாக அதில் பன்றி இறைச்சி இருக்கும். குழாய்த் தண்ணீரைத் தயங்காமல் குடிக்கலாம். ரொக்கத்துக்காக அலையத் தேவையில்லை, வாசா உட்படப் பல இடங்களில் அதை வாங்கவே மாட்டார்கள். பேருந்திலும் படகிலும் பெரியவர்கள் ஒவ்வொருவரும் தத்தம் வங்கி அட்டையைத் தொட்டு ஏறலாம், ஓர் அட்டைக்கு ஓர் ஆள் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். அம்மாவின் கால் பாதியில் ஒத்துழைக்க மறுத்தால் டாக்சி உண்டு. ஆனால் சுவீடனில் டாக்சிக் கட்டணத்தை அந்தந்த நிறுவனமே நிர்ணயிக்கிறது. பின்கதவுக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் விலைத்தாளில் உள்ள ஒப்பீட்டு விலையைப் பார்த்துவிட்டு ஏற வேண்டும். வரிசையில் முன்னால் நிற்கும் வண்டியில்தான் ஏற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

எந்த வாய்ப்பை எடுத்தாலும் கடிகாரத்தைப் பற்றிய ஒரு எச்சரிக்கை உண்டு. ஹெல்சிங்கியும் டாலினும் ஸ்டாக்ஹோமைவிட ஒரு மணி நேரம் முன்னால் இருக்கின்றன. அங்கிருந்து வரும் கப்பல் தன் கடிகாரத்தைத் திருத்தாமலே ஸ்டாக்ஹோமில் நின்றால், கப்பல் நேரப்படி நாலரை என்பது ஊர் நேரப்படி மூன்றரை. கைபேசியோ தானாகவே ஊர் நேரத்துக்கு மாறிவிடும். இறங்கும்போது வாயிலில் நிற்கும் பணியாளரிடம் ‘இப்போது மணி என்ன’ என்று கேட்டு, அம்மாவின் கைக்கடிகாரத்தை அதற்கேற்பத் திருப்பி வைத்தோம். நாள் முழுக்க அதை மட்டுமே நம்பினோம்.

கடைசியாக, இரவு உணவுக்கு முதல் பந்தியா இரண்டாம் பந்தியா என்று கப்பலில் கேட்பார்கள். ஸ்டாக்ஹோம் அன்றைக்கு மட்டுமாவது இரண்டாம் பந்தியைக் கேட்டு வாங்குங்கள். ஜூன் மாதத்தில் சூரியன் மறைய இரவு பத்து மணி ஆகிவிடும். கப்பல் நகரை விட்டு நகர்ந்ததும் சில மணி நேரத்துக்கு இருபுறமும் பாறைத் தீவுகளும், சிவப்புச் சாயம் பூசிய கோடைக் குடில்களும், கப்பலைப் பார்த்துக் கையசைக்கும் ஆட்களுமாகவே வழி நெடுகப் போகும். அம்மாவுக்கு மேல்தளத்தில் ஒரு சாய்வு நாற்காலி, பிள்ளைகளுக்குக் கம்பளி, நடக்க வேண்டிய தேவை யாருக்கும் இல்லை.